செக் என்ற சொல்லும் சடையனின் கட்டைவிரலும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு, எந்த ஊர் என்று என்னைக் குடையாதீர்கள்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கடலோர நாடு, துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களின் கிடங்கு ஒன்று இருந்தது, அவ்வளவு தெரிந்தால் போதும். ராஜாவின் பெயர் உதயபூபதி. நல்லவர்தான். ஆனால் சதுரங்கப் பித்து.

மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டதும் பலகையைக் கொண்டுவரச் சொல்வார். சபையில் இருப்பவர்களில் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஆட வேண்டும். பதினெட்டு வருஷமாக ராஜா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. அடேயப்பா என்று வாயைப் பிளக்காதீர்கள், மிச்சத்தையும் கேளுங்கள்.

அந்த நாட்டுச் சதுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் அரசனை வெட்டக்கூடிய இடத்தில் நம் காயை வைத்தால், "அரசு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். சொல்லாமல் வைத்த காய் செல்லாது. மற்றக் காய்களைச் சத்தமில்லாமல் வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். அரசனுக்கு மட்டும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அரசனை யாரும் வெட்டுவதும் கிடையாது. தப்ப வழியில்லாமல் அவன் நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது. காய் பலகையிலேயே இருக்கும்.

உதயபூபதி பட்டத்துக்கு வந்த வருஷம், ஏகாம்பரம் என்ற சபை ஜோதிடர் அவரோடு ஆட உட்கார்ந்தார். பத்தாவது நகர்த்தலிலேயே யானையை நகர்த்தி வைத்து, "அரசு!" என்று கணீரென்று சொன்னார். ராஜாவின் முகம் கறுத்தது.  மறுநாள் ஏகாம்பரத்தை எல்லைப்புறத்தில் இருந்த யானைக் கொட்டாரத்துக்குக் காவல் பார்க்க அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தச் சபையில் ராஜாவைத் தவிர வேறு எவர் வாயிலும் அந்தச் சொல் வந்ததில்லை. காயோடு போகிற கை, அங்கே வைத்தால் ராஜாவின் அரசனுக்கு ஆபத்து என்று தெரிந்தால், பாதி வழியில் வேறு பக்கம் திரும்பிவிடும். ராஜாவோ தமக்கு நிகரான ஆட்டக்காரன் பூமியில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். பாவம், அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அந்தச் சபையின் விகடன் கூத்தப்பன். ஒல்லி உடம்பு, நீள மூக்கு. ராஜாவைச் சிரிக்க வைத்தே பிழைப்பு நடத்தியவன். அவனை மட்டும் ராஜா ஆட்டத்துக்கு உட்கார விட்டதில்லை. "நீ பேசிப் பேசியே என் கவனத்தைக் கெடுத்துவிடுவாய்" என்று சொல்லிவிடுவார். ராஜாவை அவன் சிரிக்க வைக்கும்போதெல்லாம் வயிறெரிந்தவர் ஒருவர் உண்டு. பிரதானி நாகலிங்கம். ராஜாவுக்கு அடுத்த பெரிய மனிதர். இந்த மூக்கனை ஒழித்துக்கட்ட ஒரு நாள் வராதா என்று காத்திருந்தார். அந்த நாள் ஒரு துணியில் வந்தது.

துறைமுகத்து வெள்ளைக்காரர்கள் நம் நெசவாளர்களிடம் துணி வாங்குவார்கள். வாங்கும் விதம் எப்படியென்றால், கையகலத் துண்டு ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, "இதே போல் நெய்து கொண்டு வா" என்பார்கள். நெசவாளர் தெருவில் மாதிரி என்றால் மாதிரிதான். அதில் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையக்கூடாது. அந்தத் தெருவிலேயே கைதேர்ந்தவன் சடையன். அவனுக்கு வந்த மாதிரி, சிவப்பும் நீலமும் குறுக்கே ஓடிக் கட்டம் கட்டமாக இருந்தது. அதன் மூலையில் கிடங்குக்காரன் அடையாளத்துக்காக ஒரு காகிதத் துணுக்கைத் தைத்து, அதில் மையால் ஐந்து எழுத்து எழுதியிருந்தான். சடையனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, இங்கிலீஷ் எழுத்துக்கு எங்கே போவான்? முதலில் ஒரு பிறை, அடுத்து ஏணியில் ஒரு படி, மூன்று பல் சீப்பு, மறுபடி பிறை, கடைசியில் முட்டுக் கொடுத்த கம்பம் என்று பார்த்து, அந்த ஐந்தையும் மூலையில் நூலால் நெய்தே கொண்டுவந்துவிட்டான்.

கிடங்கில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை. சிரிக்கிறார்களே, பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். பட்டாபிஷேக நாளன்று நெசவாளர் தெருவிலிருந்து ராஜாவுக்கு ஒரு மேல்துண்டு கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் சடையன், தன் கைவேலையில் மிகச் சிறந்தது எதுவோ அதையே கொடுத்தான். ஐந்து எழுத்தோடு.

ராஜாவுக்குத் துண்டு மிகவும் பிடித்துப்போயிற்று. தோளில் போட்டுக்கொண்டு நகர்வலம் போனார். துறைமுகம் பக்கம் வந்தபோது, கிடங்கு வாசலில் நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் அவர் தோளைக் காட்டி ஏதோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா பார்த்துவிட்டார்.

அரண்மனைக்குத் திரும்பியதும் துபாஷி பிரகாசத்தைக் கூப்பிட்டார். இரு தரப்புப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்வது அவர் தொழில்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"செக் என்று எழுதியிருக்கிறது, மகாராஜா. கட்டம் போட்ட துணி என்று அர்த்தம்."

அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். விடுவார்களா?

பிரதானி எழுந்தார். "மகாராஜா, துபாஷி முழுவதும் சொல்லவில்லை. துறைமுக வாசலில் வெள்ளைக்காரக் காவலன் வண்டிகளை மறிக்கும்போதும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறான். தடுத்து நிறுத்துவது என்று பொருள்."

தளபதி சொன்னார்: "கிடங்கில் மூட்டையை அவிழ்த்துச் சோதனை போடும்போதும் இதே சொல்தான். நான் என் காதால் கேட்டிருக்கிறேன்."

"அவர்கள் பணத்துக்குப் பதிலாக நீட்டும் காகிதச் சீட்டுக்கும் அதுதான் பெயர்" என்றார் இன்னொருவர்.

ராஜாவின் கண் சிவந்தது. "ஊர் பார்க்க என் தோளில், 'இவனை மறி, இவனைச் சோதனை போடு' என்று எழுதி அணிவித்திருக்கிறானா அந்த நெசவுக்காரன்? வலது கட்டைவிரலை வெட்டுங்கள். இனி அவன் எதையும் நெய்ய வேண்டாம்."

சேதி தெருவுக்குப் போவதற்குள் சடையனைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள். அவன் மனைவி பொன்னுத்தாய் நேரே கூத்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஐயா, நீங்க சொன்னா ராசா கேப்பாராமே. எங்க வீட்டுக்காரருக்குக் கட்டைவெரல் போச்சுன்னா எங்க தறி போச்சு. வெரல் இல்லாம நூல் ஓட்டுற நாடாவை எப்படிங்க வீசுவாரு? தறிய விட்டா அவருக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா ஒக்காந்திருந்தே செத்துப்போவாரு, எனக்குத் தெரியும்."

"மூலையில அந்தக் கோடுகளை எதுக்கும்மா நெய்தாரு?"

"மாதிரியில இருந்துச்சுங்களே! இருக்கறத விட்டா கொறைன்னு சொல்வாங்க இல்ல?"

  "நீ வீட்டுக்குப் போம்மா. நான் பாத்துக்கறேன்" என்றான் கூத்தப்பன். சொன்ன பிறகுதான், எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று அவனுக்கே திகிலாக இருந்தது.

சபைக்குப் போய், அந்தச் சொல்லில் அவமதிப்பு எதுவும் இருக்காது என்று ராஜாவிடம் மன்றாடினான். பிரதானிக்கு மனத்துக்குள் கொண்டாட்டம். மிகப் பணிவாகக் குனிந்து, "மகாராஜா, கூத்தப்பன் இவ்வளவு உறுதியாகச் சொல்வதால், அவனுக்கே ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருந்தால், அத்தனைக்கும் வேர் ஒன்றுதான் இருக்க வேண்டும். அந்தச் சொல் எங்கே பிறந்தது, பிறந்தபோது அதன் பொருள் என்ன என்று மூன்று நாளில் அவன் கண்டுபிடித்து வரட்டும். அதில் அவமதிப்பு இல்லையென்றால் நெசவாளனை விட்டுவிடலாம். இருந்தால், அவனுடைய விரலோடு பரிந்து பேசிய இந்த நாக்கும் போகட்டும்" என்றார்.

கடல் தாண்டி எங்கோ பிறந்த சொல்லின் பிறப்பை மூன்று நாளில் இவன் எங்கே போய்த் தேடுவான் என்பது அவர் கணக்கு. ராஜாவும் கோபத்தில் தலையசைத்துவிட்டார்.

இரண்டு நாள் கூத்தப்பன் கிடங்கையே சுற்றி வந்தான். வெள்ளைக்காரர்களைக் கேட்டால், "அது எங்கள் சொல், எப்போதும் இருக்கிறது" என்றார்கள். துபாஷி பிரகாசம் கையை விரித்தார். மூன்றாம் நாள் காலையில், பாரசீகத்திலிருந்து குதிரை இறக்கும் மீரான் மரைக்காயர் தம் பண்டகசாலை வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவனோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். கூத்தப்பன் சோர்ந்துபோய் அந்தப் படியில் உட்கார்ந்தான். வெள்ளைக்காரன் குதிரையை நகர்த்தி வைத்துவிட்டு, "செக்" என்றான்.

கூத்தப்பன் துள்ளி எழுந்தான். "மரைக்காயரே, இப்ப இவர் என்ன சொன்னார்?"

"என் ராஜாவைப் பாத்துக்கச் சொல்றார். ஏன் கூத்தப்பரே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"இந்தச் சொல் எங்கே பிறந்தது? உங்களுக்குத் தெரியுமா?"

மரைக்காயர் சிரித்தார். "தெரியாமயா? இந்த ஆட்டம் நம்ம பக்கத்துலேர்ந்து பாரசீகத்துக்குப் போச்சு. அங்கே ராஜாவுக்கு 'ஷா'ன்னு பேரு. ராஜா காய்க்கு ஆபத்துன்னா, 'ஷா!'ன்னு சத்தம் போடுவாங்க. அரபுக்காரங்க கையில அது மேற்கே போச்சு. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு அடி வாங்கி, வெள்ளைக்காரன் வாய்க்கு வரும்போது செக்னு ஆயிடுச்சு. ராஜாவை மடக்கி நிறுத்தறதால நிறுத்தறதுக்கும் அதே பேச்சு. நிறுத்தினாத்தானே சோதிக்க முடியும்? அதுக்கும் அதுவே. பலகையில கட்டம் இருக்கறதால கட்டத் துணிக்கும் ஒட்டிக்கிச்சு."

"அப்போ வேர் எதுன்னு சொல்றீங்க?"

"ராஜாதான். வேற என்ன?"

கூத்தப்பன் மரைக்காயரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான். பாதி வழியில் நின்றான். ராஜாவுக்கு ஆபத்து வரும்போது சொல்கிற சொல் இது. பிரதானி இதை விடுவாரா? நடுத்தெருவில் நின்று வெகுநேரம் யோசித்தான். பிறகு ஓடாமல், மெதுவாக நடந்தே அரண்மனைக்குப் போனான்.

சபை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சடையனைக் கை கட்டி நிறுத்தியிருந்தார்கள். அவன் பக்கத்தில் மரக்கட்டையும் அரிவாளும் தயாராக இருந்தன. வாசல் தூணருகே பொன்னுத்தாய் நின்றாள். கூத்தப்பன் சொல்லின் பயணத்தை ஒன்றும் விடாமல் சொன்னான். "அந்தச் சொல்லின் வேர் அரசன், மகாராஜா. நம் ஆட்டத்தில் 'அரசு' என்று சொல்கிறோமே, அதைத்தான் உலகம் முழுக்க அவரவர் வாய்க்குத் தக்கபடி சொல்கிறார்கள்."

"அரசு" என்ற சொல் ராஜா அல்லாத ஒருவர் வாயிலிருந்து அந்தச் சபையில் கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிரதானி மட்டும் நிமிர்ந்தார். "கேட்டீர்களா மகாராஜா? அரசன் மடங்கப் போகிறான் என்பதைத் தங்கள் தோளிலேயே எழுதியிருக்கிறான். இது அவமதிப்பு அல்ல, ராஜத்துரோகம்."

ராஜா கூத்தப்பனைப் பார்த்தார். "என்ன சொல்கிறாய்?"

"பிரதானி அவர்களே சொல்லிவிட்டார். அப்படியானால் இந்தச் சொல்லை இனி யாரும் எங்கும் சொல்லக்கூடாது என்று தாங்கள் ஆணையிட வேண்டும், மகாராஜா. சதுரங்கப் பலகையிலும் கூடாது. சொல்லாத காய் செல்லாது என்ற வழக்கத்தையும் எடுத்துவிட வேண்டும்."

"சரியான பேச்சு!" என்றார் பிரதானி அவசரமாக.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"என் நாக்கு போவதற்கு முன் ஒரே ஓர் ஆசை. தங்களோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பலகை வந்தது. கூத்தப்பன் நிஜமாகவே வாய் திறக்கவில்லை. எட்டாவது நகர்த்தலில் தன் மந்திரிக் காயைக் காவலில்லாமல் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தான். ராஜாவின் முகம் மலர்ந்தது. அதைப் பிடிக்க யானையை நகர்த்தினார். அடுத்துக் கூத்தப்பனின் குதிரை பக்கவாட்டில் ஒரு கட்டத்துக்குத் தாவியது. அங்கிருந்து ராஜாவின் அரசனை வெட்டலாம் என்பது தளபதிக்குத் தெரிந்தது. பிரதானிக்கும் தெரிந்தது. சபையில் ஆடத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்தது. ராஜாவுக்கு மட்டும் தெரியவில்லை. தம் அரசன் பக்கம் கண்ணை ஓட்டிப் பார்க்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. பதினெட்டு வருஷமாக அதற்கு ஓர் அவசியமும் வந்ததில்லை.

அவர் சந்தோஷமாக மந்திரிக் காயை வெட்டினார்.

கூத்தப்பன் குதிரையைத் தூக்கி ராஜாவின் அரசன் இருந்த கட்டத்தில் வைத்தான். வெட்டிய அரசனை இரண்டு கையாலும் எடுத்து, ராஜாவின் மடியில் வைத்தான்.

 அரசன் காய் பலகையை விட்டு வெளியே வந்ததை அங்கே யாரும் பார்த்ததில்லை. ராஜா மடியில் கிடந்த தந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார்.

"நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னால் ராஜத்துரோகம், மகாராஜா."

"என் அரசன் போய்விட்டானே!"

"சொல்லாததால் போனான்." கூத்தப்பன் சபையைக் கை காட்டினான். "இங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். என் குதிரை தாவியதும் தளபதி பார்த்தார், பிரதானி பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொல் தங்களை வெட்டுகிற சொல் அல்ல. வெட்டுப்படாமல் காக்கிற சொல். அதை இந்தச் சபையில் பதினெட்டு வருஷமாகத் தங்களிடம் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சிரிப்புக் காட்டிச் சோறு தின்றேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், தங்கள் தோளில் அதைச் சொல்லிவிட்டான். அவன் விரலைத்தான் வெட்டப் போகிறோம்."

ராஜா எழுந்தார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்தில், என் அரசனை மடக்க இடம் கண்டும் கையைத் திருப்பிக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள்."

முதலில் தளபதி தூக்கினார். பிறகு இரண்டு, நான்கு, பத்து. கடைசியில் பிரதானியின் கையும் மெல்ல மேலே போனது. தூக்காத கை கூத்தப்பனுடையதும் கட்டப்பட்டிருந்த சடையனுடையதும்தான்.

ராஜா உட்கார்ந்துவிட்டார்.  "ஏகாம்பரத்தைக் கூப்பிடுங்கள். ஆள் அனுப்பி அழைத்து வாருங்கள்."

 தளபதிதான் சொன்னார்: "அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது, மகாராஜா. யானைக் கொட்டாரத்திலேயே."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். ராஜாவுக்கும் தெரிந்துவிட்டது. முகத்தை அந்தக் கட்டம் போட்ட துண்டால் மூடிக்கொண்டார். அவர் அழுது அந்தச் சபை பார்த்தது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கிப்போய்ச் சடையனின் கட்டை அவிழ்த்தார். சடையன் நடுநடுங்கி, "சாமி, அடுத்த வருஷம் அந்தக் கோடில்லாம நெய்து தரேன் சாமி" என்றான்.

"வேண்டாம். நீ இருக்கிற வரைக்கும், ஒவ்வொரு வருஷமும் அந்தக் கோடுகளோடு கொடு" என்றார் ராஜா. "ஏகாம்பரத்தின் குடும்பம் எங்கே இருந்தாலும் மரியாதையோடு அழைத்து வாருங்கள்" என்று தளபதியிடம் சொன்னார். தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கூத்தப்பனுக்குப் போட்டார். ஒல்லிக் கையில் அது முழங்கை வரை ஓடியது.

"இது எதற்கு மகாராஜா? நாக்கு மிஞ்சியதே போதும்."

"நாக்குக்குத்தான் காப்பு. கைக்கு இல்லை." ராஜா பலகைக்குத் திரும்பினார். "பிரதானி, வந்து உட்காரும். பழைய வழக்கம் திரும்ப வந்துவிட்டது. சொல்லாத காய் செல்லாது."

பிரதானி வந்து உட்கார்ந்தார். அவரும் லேசுப்பட்ட ஆட்டக்காரர் அல்ல. பன்னிரண்டாவது நகர்த்தலில் அவருடைய யானைக்கு வழி திறந்தது. கை பழக்கத்தில் வேறு பக்கம் திரும்பியது. ராஜா அந்தக் கையைப் பார்த்தார். கை மறுபடி திரும்பி வந்து, வைக்க வேண்டிய இடத்தில் காயை வைத்தது.

"அ... அரசு" என்றார் பிரதானி. எலி கத்தின மாதிரி இருந்தது.

"காதில் விழவில்லை."

"அரசு, மகாராஜா!"

ராஜா பலகையைப் பார்த்தார், பிரதானியின் முகத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. தளபதி சிரித்தார், துபாஷி சிரித்தார், தூணருகே நின்ற பொன்னுத்தாயும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ராஜா அன்று நேரான ஆட்டத்தில் தோற்றார். தோற்ற காய்களைத் தாமே பெட்டியில் அடுக்கிவிட்டு, சடையன் நெய்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து எழுத்தும் வெளியே தெரிகிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு அந்தப்புரத்துக்குப் போனார். சடையன் தறிக்குப் போனான், விரல் பத்தோடும். நானும் என் வேலையைப் பார்க்கப் போகிறேன்.